எல்க் வேட்டைக்கு ஸ்கோப்: 3-9 போதுமா, 4-16 வேண்டுமா?

புதுத்தடம்:

எல்லோருக்கும் வணக்கம். வரும் சீசனில் எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறேன், உரிமம் கிடைத்துவிட்டது. ரைஃபிள் 30-06 ரகத் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன், குண்டின் எடை 180 கிரெயின் (சுமார் 11.7 கிராம்). இதுவரை இரும்புக் குறியை வைத்தே சுட்டுப் பழகியவன், ஸ்கோப் (ரைஃபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்குவது இதுதான் முதல் தடவை. விசாரிக்க விசாரிக்கக் குழப்பம் கூடிக்கொண்டே போகிறது. ஒருவர் 3-9×40 (3 முதல் 9 பவர், அதாவது அத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்; முன் லென்ஸ் 40 மி.மீ.) வாங்கு, அதற்கு மேல் எதுவும் தேவையே இல்லை என்கிறார். இன்னொருவர் இந்தக் காலத்தில் 9 பவரோடு யார் நிற்கிறார்கள், 4-16 எடு, முடிந்தால் 6-24 எடு, பெரிதாகத் தெரிந்தால்தானே சரியாகச் சுட முடியும் என்கிறார். கேட்கும்போது இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது.

போகும் இடம் இரண்டும் கலந்தது. கீழே முழுக்க அடர்ந்த ஊசியிலைக் காடு, 30, 40 மீட்டருக்கு மேல் பார்வை போகாது. மேலே ஏறிவிட்டால் திறந்த புல்சரிவு, எதிர்ப்பக்கம் நிற்கும் விலங்கு 250, 300 மீட்டரில் இருக்கும். அதற்கு மேல் சுடும் எண்ணம் எனக்கு இல்லை, அவ்வளவு பயிற்சியும் இல்லை. விலங்கைக் காயப்படுத்திவிட்டு அது எங்கோ போய்க் கிடந்து துடிக்க விடக்கூடாது, அதுதான் என் பெரிய கவலை. எந்தப் பவர் எடுப்பது, ஏன் என்று காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

மரநிழல்:

300 மீட்டர்தான் எல்லை என்று நீங்களே கோடு போட்டுவிட்டதால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஸ்கோப் வாங்கும்போது எல்லோருடைய கண்ணும் பெரிய எண்ணின் மேல்தான் போகும். நீங்கள் முதலில் சின்ன எண்ணைப் பாருங்கள். நான் பார்த்தவரை பெரிய விலங்கு வேட்டையில் வாய்ப்பு கைநழுவுவது பெரும்பாலும் கிட்டத்தில்தான்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சாதாரண 3-9×40 ஸ்கோப்பை 3-இல் வைத்தால் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 10 மீட்டர் அகலம் தெரியும். 9-க்குத் திருப்பினால் அது 4 மீட்டர் சொச்சமாகிவிடும். தூரம் குறையக் குறைய இந்த அகலமும் அதே விகிதத்தில் சுருங்கும். காட்டுக்குள் 30 மீட்டரில் எல்க் வந்து நிற்கிறது, உங்கள் ஸ்கோப் 9-இல் கிடக்கிறது என்றால் தெரிவது ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் அகலம்தான். வளர்ந்த எல்க் மூக்கிலிருந்து வால்வரை 2 மீட்டருக்கு மேல் இருக்கும். அப்போது ஸ்கோப் நிறையப் பழுப்பு மயிர்தான் தெரியும், அது தோளா, வயிறா, தொடையா என்று பிடிபடாது. நடுவில் இரண்டு மரமும் நின்றுவிட்டால் கண்ணை எடுத்து, வெறும் கண்ணால் பார்த்து, மறுபடி ஸ்கோப்பில் வைத்துத் தேடி... அதற்குள் அது போயே போய்விடும். அதே இடத்தில் 3 பவர் என்றால் 3 மீட்டர் அகலம், விலங்கு முழுசாக உள்ளே வரும், எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதும் தெரியும். 2 பவர் என்றால் இன்னும் சௌகரியம். 6-24 ஸ்கோப்பில் ஆகக் குறைந்ததே 6, கீழ்க்காட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

சரி, தூரத்துக்கு வருவோம். 6 பவரில் பார்த்தால் 300 மீட்டரில் நிற்பது வெறும் கண்ணுக்கு 50 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். 9-இல் 33 மீட்டர். எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஒரு பெரிய தட்டு அளவு, 30 செ.மீ. எளிதாகத் தேறும். 33 மீட்டரில் வெறும் கண்ணால் அதைப் பார்க்கத் திணறுகிறவர் யாரும் இல்லை.

பெரிதாகத் தெரிந்தால் சரியாகச் சுடலாம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பவரைக் கூட்டும்போது கை ஆட்டமும் சேர்ந்து பெரிதாகும். மேடு ஏறி மூச்சிரைக்க உட்கார்ந்து 16-இல் பார்த்தால் குறுக்குக்கோடு நெஞ்சுத் துடிப்புக்கெல்லாம் குதிக்கும். அது ஒரு நொடி நடுவில் வந்ததும் இப்போதே சுட்டுவிட வேண்டும் என்று விசையை வெடுக்கென்று இழுக்கத் தோன்றும், குண்டு விலகுவது அங்கேதான். 5, 6 பவரில் அதே ஆட்டம் இருந்தாலும் கண்ணை அவ்வளவு மிரட்டாது, நிதானமாக அழுத்த முடியும்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஸ்னைப்பர்கள் மோசின் நாகாந்த் ரைஃபிளில் பொருத்திச் சுட்ட பியூ ஸ்கோப் மாறாத 3.5 பவர். அமெரிக்க ராணுவத்தின் எம்24 ஸ்னைப்பர் ரைஃபிள் 1988-இல் வந்தபோது அதில் இருந்தது மாறாத 10 பவர் லூபோல்ட் ஸ்கோப், அதை 800 மீட்டர் வரை சுடும் ஆயுதமாகத்தான் கணக்கு வைத்திருந்தார்கள். 300 மீட்டரில் குதிரை அளவு விலங்கைச் சுட 24 பவர் கேட்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. 2-7, 3-9, 2-10 இவற்றில் கண்ணாடி நன்றாக இருக்கும் எதையாவது எடுங்கள்.

சரிவுவெளி:

மரநிழல் அண்ணா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் சம்மதம்தான், ஆனால் உயர் பவருக்கு வேலையே இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நான் வேட்டையாடுவது முழுக்கத் திறந்த வெளியில். பைபாடை (குழலைத் தாங்கும் இரட்டைக்கால்) ஊன்றிப் படுத்துச் சுட இடமும் நேரமும் கிடைக்கும்போது 12 பவர் உண்மையாகவே உதவும், விலங்குக்கு முன்னால் ஒரு குச்சி குறுக்கே நிற்கிறதா, பின்னால் இன்னொரு விலங்கு மறைந்து நிற்கிறதா என்பதெல்லாம் தெரியும். பின்னால் நிற்பதைப் பார்க்காமல் சுட்டு ஒரே குண்டில் இரண்டைத் துளைத்தவர்கள் இருக்கிறார்கள். ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) ஸீரோ செய்யும்போதும், அதாவது குறித்த தூரத்தில் குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்தும்போதும், தோட்டாக்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போதும் பவர் கூடினால் குறியை நுணுக்கமாக வைக்கலாம். ஆனால் வெயில் ஏறிவிட்டால் 12-க்கு மேல் கானல்தான் நெளியும், அப்போது நானே 8-க்கு இறக்கிவிடுவேன்.

நீங்கள் பவரைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது ரெட்டிகிள் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) எந்தத் தளத்தில் இருக்கிறது என்பதை. வேட்டை ஸ்கோப்புகள் பெரும்பாலும் இரண்டாம் தள வகை. பவரைத் திருப்பினால் விலங்கு பெரிதாகும், ரெட்டிகிள் அதே அளவில் நிற்கும். வெறும் குறுக்குக்கோடு என்றால் இதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் குண்டு இறக்கத்துக்காகக் கீழே சின்னச் சின்னக் கோடு போட்ட ரெட்டிகிள் வாங்கினால், அந்தக் கோடுகள் பெரும்பாலும் உச்ச பவரில் மட்டும்தான் சொன்ன தூரத்தைக் காட்டும். உதாரணத்துக்கு, 9 பவரில் முதல் கோடு 300 மீட்டரில் நடுவிலிருந்து 30 செ.மீ. கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் ஸ்கோப் 4.5-இல் இருப்பதை மறந்து அதே கோட்டை நெஞ்சில் வைத்தால் அது இப்போது 60 செ.மீ. கணக்கு. குண்டு 30 செ.மீ. மேலே போகும், முதுகைத் தாண்டிப் போனால் நல்ல காலம், முதுகெலும்புக்கு மேலே சதையில் பட்டால் நீங்கள் பயப்படுகிற அந்தக் காயம்தான். முதல் தள ஸ்கோப்பில் ரெட்டிகிளும் சேர்ந்து பெரிதாவதால் எல்லாப் பவரிலும் கணக்கு ஒன்றே, ஆனால் குறைந்த பவரில் கோடு நூலாக மெலிந்து இருண்ட காட்டுக்குள் காணாமல் போய்விடும். கீழ்க்காட்டில் சுட வேண்டிய உங்களுக்கு அது சரிவராது.

உங்கள் 30-06-க்கு 200 மீட்டரில் ஸீரோ வைத்தால் 100-இல் ஐந்தாறு செ.மீ. மேலே, 250 வரை நேராக நெஞ்சில் வைத்தே சுடலாம். 300-இல் இறக்கம் ஒரு சாண், கொஞ்சம் கூடக் குறைய. அந்தத் தூரத்தில் தோளின் மேல்பகுதியில் குறி வைத்தால் போதும், எல்க் நெஞ்சு அதைத் தாங்கும் அளவு ஆழமானது. கோடு போட்ட ரெட்டிகிளே உங்களுக்குத் தேவையில்லை. உங்கள் தோட்டா உங்கள் குழலில் எவ்வளவு இறங்குகிறது என்பதை மட்டும் ரேஞ்சில் சுட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பெட்டியில் அச்சிட்டதை நம்பிப் போகாதீர்கள்.

அந்திநேரம்:

வெளிச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. எல்க் வெளியில் வந்து மேய்வது விடியலிலும் அந்தியிலும்தான், பவர் எண் அதிகம் விளையாடுவதும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

முன் லென்ஸின் விட்டத்தைப் பவரால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்தான் ஸ்கோப்பின் பின்பக்கத்திலிருந்து உங்கள் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அளவு, மில்லிமீட்டரில். 40 லென்ஸ், 4 பவர் என்றால் 10. அதே 40-ஐ 9-இல் வைத்தால் 4.4. 16-இல் வைத்தால் 2.5. இருட்டில் இளவயதுக் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பது வயதைத் தாண்டினால் 5-ஐ எட்டுவதே பெரும்பாடு. கண்மணியைவிட ஒளிவட்டம் பெரிதாக இருக்கும்வரை படம் பிரகாசமாக இருக்கும், சிறிதாகிவிட்டால் மங்கத் தொடங்கும். பொழுது சாயும்போது 16-இல் பார்த்து ஒன்றும் தெரியவில்லை, இந்த ஸ்கோப் மோசம் என்று திட்டுகிறவர்கள் 6-க்குத் திருப்பிப் பார்த்தால் அதே ஸ்கோப்பில் விலங்கு தெளிவாக நிற்கும்.

அதற்காக அந்தியில் ஆகக் குறைந்த பவருக்குப் போனால் நல்லது என்றும் இல்லை. விலங்கைப் பின்னாலுள்ள புதரிலிருந்து பிரித்துக் காட்ட ஓரளவு பெரிதாக்கியே ஆக வேண்டும். பரண் மேல் உட்கார்ந்து காட்டுப்பன்றிக்காகக் காத்திருக்கும் ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் 8×56 என்று மாறாத பவர் ஸ்கோப்பை வைத்துக்கொள்வது இந்தக் கணக்கில்தான், 56-ஐ 8-ஆல் வகுத்தால் சரியாக 7. உங்களைப் போல் மலையேறுகிறவர் 56 மி.மீ. லென்ஸைத் தூக்க வேண்டியதில்லை, 40 அல்லது 42 லென்ஸில் 6 பவர் வைத்தாலே கிட்டத்தட்ட 7 வந்துவிடும்.

இன்னொன்று: ஸ்கோப்பின் 30 மி.மீ. குழல் வெளிச்சம் கூடுதலாகத் தரும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். குழல் பெரிதானால் உள்ளே திருத்திக்கொள்ளும் வீச்சு கூடும், உறுதியும் கூடும். வெளிச்சத்தைத் தீர்மானிப்பது முன் லென்ஸ், பவர், கண்ணாடியின் தரம், அதன் மேல் பூசிய பூச்சு.

புதுத்தடம்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. 6-24 இனிமேல் கணக்கிலேயே இல்லை. இப்போது மனதில் இருப்பவை இரண்டு: 2-10×42, 3-15×44. இரண்டும் கண்ணாடித் தரத்தில் ஒரே படிதான். 3-15 பக்கம் மனம் சாய்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் உரிமத்தில் ஆண் எல்க் மட்டும்தான், அதிலும் கொம்புக் கிளை இத்தனைக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. 300 மீட்டரில் கிளைகளை எண்ண 15 பவர் கை கொடுக்காதா? அப்புறம் 3-15-இல் பேரலாக்ஸ் (கண் நகரும்போது குறிக்கோடு இலக்கின் மேல் இடம் மாறுவதுபோல் தெரிவது) சரிசெய்யும் திருகு பக்கவாட்டில் இருக்கிறது, 2-10-இல் இல்லை. அது ஒரு குறையா?

மரநிழல்:

தம்பி, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கொம்பு எண்ணுவதற்கு ரைஃபிளைத் தூக்காதீர்கள். ஸ்கோப் எதைப் பார்க்கிறதோ அதை நோக்கித்தான் குழலும் இருக்கிறது. அந்தச் சரிவில் அசைவது எல்க் என்று நினைத்துப் பார்ப்பீர்கள், அது இன்னொரு வேட்டைக்காரராக இருக்கும், அவர் நெஞ்சுக்கு நேராக நீங்கள் தோட்டா ஏற்றிய துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருப்பீர்கள். அடையாளம் பார்ப்பதும், ஆணா பெண்ணா பார்ப்பதும், கிளை எண்ணுவதும் பைனாகுலரின் வேலை. 10×42 பைனாகுலர் ஒன்றை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள், முழங்காலில் முழங்கையை ஊன்றிப் பார்த்தால் 300 மீட்டரில் கிளைகளை எண்ணிவிடலாம். இரண்டு கண்ணாலும் பார்ப்பதால் நெடுநேரம் பார்த்தாலும் கண் வலிக்காது. 15 பவர் ஸ்கோப்புக்கு வைத்திருக்கும் கூடுதல் பணத்தைப் பைனாகுலரில் போடுங்கள், பத்து மடங்கு பயன் தரும். சுடுவது என்று முடிவான பிறகுதான் ரைஃபிள் தோளுக்கு வர வேண்டும்.

சரிவுவெளி:

பேரலாக்ஸ் கேள்விக்கு நான் சொல்கிறேன். திருகு இல்லாத வேட்டை ஸ்கோப்புகளைப் பொதுவாக 100 கஜத்துக்குச் சரிசெய்து அனுப்புவார்கள். அதை வைத்து 300-இல் சுடும்போது உங்கள் கண் ஸ்கோப்பின் விளிம்புவரை தள்ளியிருந்தால்கூட, 42 லென்ஸில் குறி தவறக்கூடிய அதிகபட்சம் நாலு செ.மீ. சொச்சம். கண்ணை நடுவில் வைத்தால் அதுவும் கிட்டத்தட்ட இல்லை. 30 செ.மீ. இலக்கில் நாலு செ.மீ. ஒரு பொருட்டா? திருகு இருப்பதில்தான் ஆபத்து: அது எங்கோ 50-இல் நின்றுவிட்டால், அவசரத்தில் பவரை ஏற்றிப் பார்க்கும்போது படம் மங்கலாகத் தெரியும், எதைத் திருகுவது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். 400, 500-இல் சுடுகிறவருக்கு அது தேவை. உங்களுக்கு இல்லை.

தோளுதை:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு விஷயம் விட்டுப்போனதால் எழுதுகிறேன். 30-06-இல் 180 கிரெயின் நன்றாகவே உதைக்கும். அதனால் கண்ணுக்கும் பின் லென்ஸுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி கிடைக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 9, 10 செ.மீ. இருந்தால் நிம்மதி. சில ஸ்கோப்புகளில் பவரை ஏற்ற ஏற்ற இந்த இடைவெளி சுருங்கும், 3-இல் 10 செ.மீ. இருந்தது 15-இல் 8-க்கு வந்துவிடும். மேட்டை நோக்கிப் படுத்துச் சுடும்போது தலை தானாக முன்னால் நகரும், அப்போது ஸ்கோப் விளிம்பு புருவத்தைப் பிளந்துவிடும். ரத்தம் வருவதைவிட மோசமானது என்னவென்றால், ஒரு முறை அடி வாங்கியவர் அடுத்த முறை விசையைத் தொடும்போதே கண்ணை இறுக்கிவிடுவார், அந்தப் பழக்கம் போவதற்கு வெகுநாள் ஆகும்.

ஸ்கோப்பைப் பொருத்தும்போது உச்ச பவரில் வைத்துத்தான் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள், ஏனென்றால் கண் வைக்க வேண்டிய இடம் அங்கேதான் மிகவும் குறுகலாக இருக்கும். அதுவும் வேட்டைக்குப் போடப்போகும் தடித்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு பாருங்கள், மெல்லிய சட்டையோடு அளந்தால் மலையில் போய் கண் ஒரு விரற்கடை பின்னால் நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் வைத்துத் திறந்தால் முழு வட்டமும் கறுப்பு விளிம்பில்லாமல் தெரிய வேண்டும்.

எடையையும் மறக்காதீர்கள். 3-9×40 பெரும்பாலும் 350, 400 கிராம்தான் இருக்கும். 4-16×50 போன்றவை 600, 700-ஐத் தொடும். எடை எல்லாம் ரைஃபிளின் மேலே போய் உட்காருவதால் தோளில் மாட்டினால் ஒரு பக்கம் சரியும், முன் லென்ஸ் பெரிதானால் ஸ்கோப்பை ரைஃபிளில் பிடிக்கும் வளையம் உயரமாக வேண்டும், அப்போது கன்னம் கட்டையில் படாமல் அந்தரத்தில் நிற்கும். கன்னம் பதியவில்லை என்றால் எத்தனை பவர் இருந்தும் ஒரே மாதிரி சுட முடியாது.

புதுத்தடம்:

முடிவு செய்துவிட்டேன், 2-10×42, சாதாரணத் தடித்த குறுக்குக்கோடு ரெட்டிகிள், பைனாகுலர் 10×42. கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: நடந்து போகும்போது பவரை எதில் வைத்துக்கொள்வது? நடுவில் 5-இல் வைத்தால் இரண்டு பக்கமும் போகலாம் என்று தோன்றுகிறது.

மரநிழல்:

காட்டுக்குள் நடக்கும்போது 2-இல்தான். கிட்டத்தில் எழும் விலங்கு உங்களுக்குக் கொடுப்பது இரண்டு, மூன்று நொடி, அதில் பவர் வளையத்தைத் திருப்ப நேரம் இருக்காது. தூரத்தில் நிற்பது பெரும்பாலும் உங்களைப் பார்த்திருக்காது, உட்கார்ந்து, பையை முன்னால் வைத்து ரைஃபிளைச் சாய்த்து, அப்புறம் 6-க்கோ 7-க்கோ திருப்பிக்கொள்ள நேரம் இருக்கும். புல்சரிவின் விளிம்பில் உட்கார்ந்து காத்திருக்கும்போது மட்டும் 5-இல் வைத்துக்கொள்ளலாம், எழுந்து நடந்தால் மறுபடி 2. 300-லும் 10 வரை போகாதீர்கள். சுட்டதும் உதையில் ரைஃபிள் எகிறும், 6-இல் இருந்தால் விலங்கு மறுபடி கண்ணுக்குள் வந்துவிடும், எப்படிக் குலுங்கியது, எந்தப் பக்கம் போனது என்று பார்க்க முடியும். தேடிப் போவதற்கு அந்தத் தகவல்தான் வேண்டும். தேவைப்பட்டால் உடனே இரண்டாவது குண்டும் போடலாம்.

வாங்கியதும் இன்னொரு வேலை: ரேஞ்சில் மணல்மூட்டையில் வைத்து ஒரே குறியில் 2 பவரில் மூன்று, 10 பவரில் மூன்று சுடுங்கள். ஆறும் ஒரே கூட்டமாக விழ வேண்டும். பவரை மாற்றும்போது கூட்டம் இடம் மாறினால் யோசிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வளையத்தைக் கையுறை போட்டுக்கொண்டும் திருப்பிப் பாருங்கள். குளிரில் சில வளையங்கள் இறுகிவிடும், அப்படி இருந்தால் அதற்கென்று விற்கும் சின்னக் கைப்பிடி ஒன்றை வளையத்தில் மாட்டிக்கொண்டால் ஒரு விரலால் தள்ளிவிடலாம்.